இரவில் சிவக்கும் வால்வு, நீளும் தொப்பி

வாசகர் கேள்வி: கும்பகோணத்தில் இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பழைய வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினேன். நான்கு ஈஎல் 34 வால்வுகள், சேனலுக்கு 35 வாட், பின்பக்கத் தகட்டில் 220 வோல்ட் என்று இருக்கிறது. பகலில் நன்றாகப் பாடுகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வலது பக்கத்து வால்வு ஒன்று சிவந்துபோகிறது. மீட்டர் வைத்துப் பார்த்ததில் வீட்டு லைன் பகலில் 228, சாயங்காலம் 214, ராத்திரி 250 வரை காட்டுகிறது. கடையில் நான்கு வால்வையும் மாற்றி மேட்ச் செய்த (ஒரே அளவு கரன்ட் இழுக்கிற) செட் போடச் சொல்கிறார்கள். பயாஸ் 0.45 வோல்ட், பிளேட் 430 வோல்ட் என்று கூட வந்த தாளில் இருக்கிறது. எப்படி வைப்பது என்று தெரியவில்லை. இன்னொன்று, வாய்ப்பாட்டும் வயலினும் அருமையாக இருக்கின்றன. மிருதங்கத்தில் இடந்தலை, அதாவது தொப்பி மட்டும் 'பொம்' என்று நீண்டு நிற்கிறது. ஸ்பீக்கர் 4 ஓம், 84 டெசிபல், சிறிய இருவழிப் பெட்டி. 8 ஓம் முனையில் கொடுத்தால் சத்தம் கூடுதலாக வருவதால் அங்கேயே கொடுத்திருக்கிறேன். வால்வை மாற்றவா, ஸ்பீக்கரை மாற்றவா, ஆம்ப்ளிஃபயரையே மாற்றிவிடவா?

பதில்:

வணக்கம். வால்வு சிவப்பதைப் பார்த்த அந்த நொடியே செட்டை அணைத்துவிடுங்கள். பாட்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிவந்த வால்வு இழுக்கிற கரன்ட் முழுவதும், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கிற அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரி (வால்வுப் பக்கத்துச் சுற்று) வழியாகத்தான் போகிறது. வால்வு போனால் சில ஆயிரத்தோடு முடியும். டிரான்ஸ்பார்மர் எரிந்தால் அதே மாதிரி சுற்றித் தர ஆள் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும். அப்படிச் சுற்றினாலும் பழைய ஒலி திரும்ப வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அடுத்து, இப்போதைக்கு வால்வு வாங்காதீர்கள். ஆம்ப்ளிஃபயரையும் விற்க வேண்டாம். உங்களுக்கு மூன்று எண்கள் தெரிய வேண்டும்: வீட்டு லைனின் வோல்டேஜ், பாட்டு ஓடாமல் சும்மா இருக்கும்போது வால்வின் பிளேட் (எலக்ட்ரான்கள் வந்து சேருகிற உலோக உறை) விழுங்குகிற வாட், ஸ்பீக்கரின் உண்மையான ஓம். நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைகளும் இந்த மூன்றுக்குள்தான் இருக்கின்றன. முதல் எண்ணை நீங்களே அளந்து எழுதிவிட்டீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்தது.

220 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மரில் 250 ஏறினால் உள்ளே எல்லாமே அதே விகிதத்தில் ஏறும். வால்வைச் சூடாக்குகிற ஃபிலமென்ட்டுக்கு வர வேண்டியது 6.3 வோல்ட், வருவது 7.1க்கு மேல். பத்து சதவீதம் கூடினாலே, அதாவது 6.9 வந்தாலே, எல்லை தொட்டாயிற்று. பிளேட்டில் 430 இருந்தது 488 ஆகிவிடுகிறது. வால்வு எவ்வளவு கரன்ட் இழுக்கலாம் என்று கட்டுப்படுத்துகிற மைனஸ் வோல்டேஜான பயாஸும் அதே டிரான்ஸ்பார்மரிலிருந்து வருவதால் அதுவும் கூடவே ஏறி ஓரளவு பிடித்து நிறுத்தும். ஆனாலும் வோல்டேஜ்கள் எல்லாம் சேர்ந்து ஏறும்போது வால்வின் கரன்ட் அதைவிட வேகமாக ஏறுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 220 வோல்ட்டில் 17 வாட் விழுங்கிய பிளேட், 250 வோல்ட்டில் 23, 24 வாட்டுக்குப் போய்விடும். ஈஎல் 34 பிளேட்டின் உச்ச வரம்பு 25 வாட். அதாவது உங்கள் நான்கு வால்வுகளுமே ராத்திரியில் விளிம்பில் நிற்கின்றன. அதில் கொஞ்சம் பலவீனமானதோ, பயாஸ் கொஞ்சம் தள்ளியிருப்பதோ முதலில் சிவக்கிறது. ராத்திரியில் மட்டும் வருவதற்குக் காரணம் இதுதான். ஊர் தூங்கப் போனதும் லைனில் லோடு குறைந்து வோல்டேஜ் ஏறுகிறது.

ஆகவே முதல் செலவு வோல்டேஜுக்கு. ஆனால் அதற்கும் முன்னால், ஒரு நல்ல மெக்கானிக்கை வைத்துப் பவர் டிரான்ஸ்பார்மரின் பிரைமரியில் 230, 240 டேப்பிங் (அந்த வோல்டேஜுக்கான தனி முனை) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றுமதிக்கென்று செய்த செட்டுகளில் அந்த ஒயரை உபயோகிக்காமல் உள்ளேயே மடித்துக் கட்டியிருப்பார்கள். இருந்தால் 240க்கு மாற்றுவதிலேயே பெரும்பகுதி சரியாகும். இல்லாவிட்டால் ஒரு சர்வோ ஸ்டெபிலைசர் வாங்கி 220க்கு வைத்துவிடுங்கள். இந்த செட் சும்மா இருக்கும்போது சுமார் 150 வாட் இழுக்கும், சத்தமாகப் பாடும்போது அதற்கு மேலும் போகும். 1 கேவிஏ தாராளம். ஃபிரிஜ்ஜுக்குப் போடுகிற ரிலே ஸ்டெபிலைசர் வேண்டாம். அது படிப்படியாகத் தாவும், ஒவ்வொரு 'டிக்'குக்கும் பயாஸும் தாவும். சில பேர் 24 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்றை எதிர்ப்பக்கமாகச் சேர்த்து லைனில் கொஞ்சம் கழிப்பார்கள். எந்த நேரமும் 245, 250 நிற்கிற தெருவுக்கு அது நல்ல வழி. உங்கள் வீட்டில் சாயங்காலம் 214 என்கிறீர்கள், அதில் 22 போனால் 192தான் மிஞ்சும். அது ஒத்துவராது.

இன்வெர்ட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சைன் வேவ் இல்லாத சாதாரண இன்வெர்ட்டரில் இந்த செட்டை ஓட்டாதீர்கள். டிரான்ஸ்பார்மர் உறுமும், சூடாகும். கரன்ட் போனால் செட்டின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, வந்தபிறகு இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

இனி அந்தச் சிவக்கிற வால்வு. முதலில் சிவப்பு எது என்பதைச் சரியாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் புதிதாக வால்வு செட் வாங்கியவர்கள் பலர் ஃபிலமென்ட் வெளிச்சத்தைப் பார்த்தே பயந்துவிடுகிறார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். வால்வின் உச்சியிலும் அடியிலும் உள்ளிருந்து தெரிகிற ஆரஞ்சு ஒளி ஃபிலமென்ட், அது எப்போதும் இருக்கும். கண்ணாடியின் உட்பக்கத்தில் படர்கிற மெல்லிய நீலமும் பிரச்சினை இல்லை. பயப்பட வேண்டியது இது: நடுவில் சாம்பல் நிறத்தில் உயரமாக நிற்கிற உலோக உறைதான் பிளேட். அதன் பக்கவாட்டில், தையல் போல மடிப்பு இருக்கிற இடத்தை ஒட்டி, மங்கலான சிவப்புத் திட்டு ஒன்று தோன்றிப் பரவும். வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. இருட்டில் தெரிந்தால் வரம்பைத் தாண்டிவிட்டது என்று பொருள். பிளேட்டுக்கு உள்ளே ஊதா நிறத்தில் புகை மாதிரி ஒளிர்ந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. உச்சியிலுள்ள வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்றே புகுந்துவிட்டது. இந்த இரண்டும் இருந்தால் அந்த வால்வைக் கழற்றி ஒதுக்கிவிடுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், குறை வால்விலா சாக்கெட்டிலா என்று பிரித்தறிய வேண்டும். செட்டை அணைத்து, கண்ணாடி நன்றாக ஆறியபின், சிவந்த வால்வையும் அதே சேனலில் இருக்கிற அதன் ஜோடியையும் இடம் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் அந்த இரண்டின் பிரீசெட்டையும் (பயாஸை வைக்கிற சின்னத் திருகு) கரன்ட் குறைகிற பக்கம் கடைசிவரை திருப்பிவிட வேண்டும், இதை மறக்கக் கூடாது. எந்தப் பக்கம் குறைகிறது என்பது மீட்டரை வைத்துக்கொண்டு மெல்லத் திருப்பினால் தெரிந்துவிடும். அப்புறம் போட்டு, சூடேற்றி, பயாஸை மெதுவாக ஏற்றி, அரை மணி நேரம் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பழைய வால்வு புது இடத்திலும் 0.40, 0.44, 0.50 என்று நிற்காமல் ஏறினால் வால்வுதான் குற்றவாளி, அந்த ஒன்றை மாற்றினால் போதும். பழைய இடத்திலேயே, புதிதாக அங்கே வந்த வால்வு ஏறத் தொடங்கினால் குறை சாக்கெட்டுக்குக் கீழே இருக்கிறது. அந்த இடத்தில் நீங்கள் நான்கு புது வால்வு போட்டாலும் அவற்றில் ஒன்று சிவக்கத்தான் செய்யும். கடைக்காரர் சொன்னபடி உடனே நான்கையும் மாற்ற வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சாக்கெட் பக்கம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கப்ளிங் கண்டன்சர். முந்தின கட்டத்து வால்வின் பிளேட்டில் நூற்றுக்கணக்கான வோல்ட் டிசி நிற்கிறது. அதைத் தடுத்து, பாட்டை மட்டும் வால்வின் கிரிட்டுக்கு (கரன்ட்டைக் கட்டுப்படுத்துகிற முனை) விடுவது இந்தக் கண்டன்சரின் வேலை. வயதான கண்டன்சர் கொஞ்சம் கசிந்தாலும் போதும், கிரிட்டில் நிற்க வேண்டிய மைனஸ் வோல்டேஜ் கரைந்துபோகும், வால்வு கட்டுக்கடங்காமல் இழுக்கும். அறை சூடாக ஆகக் கசிவும் கூடும். மெக்கானிக்கிடம் சொல்லி, வால்வு இல்லாதபோது நான்கு சாக்கெட்டின் 5ஆம் பின்னிலும் மைனஸ் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். பிரீசெட்டுகளை ஒரே நிலையில் வைத்தால் நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். மூன்றில் மைனஸ் 38 இருந்து ஒன்றில் மட்டும் மைனஸ் 28 இருந்தால் வேறு தேட வேண்டியதில்லை. கண்டன்சரை மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாமல் நான்கையும் மாற்றிவிடுவது நல்லது, வயது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கண்டன்சர் சரியாக இருந்தால் அடுத்தது பிரீசெட். உள்ளே தேய்ந்து, தொடுகிற முனை விட்டு விட்டுப் பிடித்தால் பயாஸே இல்லாமல் போய்விடும். அதற்கும் அடுத்தது பின்கள். ஆற்றங்கரை ஊர்களிலும் கடற்கரை ஊர்களிலும் ஈரக்காற்றில் பின்கள் கறுத்துப்போய்ப் பிடிப்புத் தளர்ந்துவிடுகின்றன. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, சாக்கெட்டின் உள் தகடுகளைக் கொஞ்சம் நெருக்கிவிட்டாலே குணமாகிற செட்டுகள் உண்டு.

அடியைத் திறக்கிற வேலை எதையும் நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம். உள்ளே 430 வோல்ட் டிசி இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் அது தங்கி நிற்கும். வீட்டு கரன்ட் ஷாக் மாதிரி உதறிவிட்டுப் போகிற விஷயம் இல்லை அது. மேலே வெளியே கொடுத்திருக்கிற டெஸ்ட் பாயின்ட்டிலும் பிரீசெட் துளையிலும் மட்டும் கை வையுங்கள்.

இப்போது பயாஸ். தாளில் இருக்கிற 0.45ஐ அப்படியே வைத்துவிடாமல், அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உங்கள் செட்டில் ஒவ்வொரு வால்வின் கேத்தோடிலும் (எலக்ட்ரான்கள் புறப்படுகிற முனை) 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்க வேண்டும். அதில் 0.45 வோல்ட் விழுந்தால் 45 மில்லி ஆம்பியர் போகிறது. அதில் சுமார் 5 ஸ்கிரீன் கிரிட் என்ற இன்னொரு முனைக்கு, மீதி 40 பிளேட்டுக்கு. 430 வோல்ட்டோடு பெருக்கினால் 17.2 வாட். 25 வாட் வரம்பில் இது 69 சதவீதம். ஒரு ஜோடி வால்வு மாறி மாறி வேலை செய்கிற இந்த மாதிரி புஷ்-புல் செட்டில் சும்மா இருக்கும்போது 60 முதல் 70 சதவீதம் வைப்பது வழக்கம். ஆக 0.45 என்பது தவறான எண் இல்லை, 220 வோல்ட் லைனில் வழக்கத்தின் மேல்படி. அதே 0.45ஐப் பகலில் 228இல் வைத்துவிட்டு ராத்திரி 250இல் கேட்டால்தான் வம்பு.

ஸ்டெபிலைசர் வந்தபிறகு 0.40க்கு வையுங்கள் என்பது என் யோசனை. அது பிளேட்டில் 15 வாட், 60 சதவீதம். 0.45க்கும் 0.40க்கும் காதில் பெரிய வித்தியாசம் தெரியாது, வால்வின் ஆயுளில் தெரியும். இன்னும் குறைத்து 0.25, 0.20 என்று கொண்டுபோகாதீர்கள். ஒரு வால்விலிருந்து அடுத்ததற்குக் கை மாறுகிற இடத்தில் அலை மடங்கும், மெல்லிய சத்தத்தில் வயலின் கரகரக்கும். கூட்டினால் இனிமை, குறைத்தால் ஆயுள் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த 60 முதல் 70 சதவீதத்துக்குள் இருக்கும்வரைதான் அந்தப் பேச்சு.

வைக்கிற முறை இது. ஸ்பீக்கர் மாட்டியிருக்க வேண்டும், வால்யூம் பூஜ்யம், பாட்டு எதுவும் ஓடக் கூடாது. செட்டைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள், ஐந்து நிமிடத்தில் வருகிற அளவை நம்ப முடியாது. மல்டிமீட்டரை டிசி 2 வோல்ட் ரேஞ்சில் வைத்து, கறுப்பு முனையைக் கிரவுண்டில் கிளிப் போட்டுவிட்டால் ஒரு கை மிச்சம். அந்தக் கையைத் தூரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பிடி போட்ட சின்ன ஸ்க்ரூடிரைவரால் பிரீசெட்டை முடியளவு திருப்பி, பொறுத்து, பார்த்து, மறுபடி திருப்புங்கள். ஒன்றைத் திருப்பினால் பொது சப்ளை அசைந்து மற்ற மூன்றும் கொஞ்சம் நகரும். அதனால் நான்கையும் ஒரு சுற்று முடித்து, பத்து நிமிடம் விட்டு, இன்னொரு சுற்று வாருங்கள். ஒரே சேனலின் ஜோடிக்குள் வித்தியாசம் 0.02க்குள் இருக்கட்டும். அந்த ஜோடி சமமாக இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மரின் இரும்புக்குள் டிசி மிஞ்சி நின்று, முதலில் கெடுவது கீழ்ஸ்தாயிதான். உங்கள் தொப்பிக்கும் இதில் கொஞ்சம் பங்கு இருக்கலாம்.

புது வால்வு போட்டால் முதல் நாள், அப்புறம் பத்துப் பதினைந்து மணி நேரம் ஓடியபின், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். பார்க்கும்போது நான்கு எண்ணையும், அன்றைய லைன் வோல்டேஜையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒரு வால்வு மட்டும் ஒவ்வொரு தடவையும் பிரீசெட்டைத் திருப்பத் திருப்பக் கீழே போய்க்கொண்டே இருந்தால் அதற்கு வயதாகிவிட்டது என்று அந்த நோட்டே சொல்லும். உங்கள் செட்டில் ஒவ்வொரு வால்வுக்கும் தனிப் பிரீசெட் இருப்பதால் மேட்ச் செய்த நான்குக்கு விலை கூட்டிக் கொடுக்க வேண்டிய அவசியமும் குறைவு. ஒரே பிரீசெட் நான்கையும் ஆளுகிற செட்டுக்குத்தான் அது கட்டாயம். பயாஸைத் தானே வைத்துக்கொள்கிற கேத்தோடு பயாஸ் செட் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை, கேத்தோடு ரெசிஸ்டரும் அதன் கண்டன்சரும் நன்றாக இருக்கின்றனவா என்று வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் சரி.

எந்தக் கம்பெனி வால்வு என்று அப்புறம் கேட்பீர்கள். இன்று ஈஎல் 34 செய்வது ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் உள்ள சில ஆலைகள்தான். சோதித்துத் தருகிற, கெட்டால் மாற்றித் தருகிற கடை எது என்பது பெட்டியில் இருக்கிற பெயரைவிட முக்கியம். அதன் இடத்தில் கேடி 88 என்கிற பெரிய வால்வைப் போட்டால் பவர் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்குக் கூடுதல் மைனஸ் வோல்டேஜ் வேண்டும், ஃபிலமென்ட் கரன்ட்டும் கூட. டிரான்ஸ்பார்மர் அதே டிரான்ஸ்பார்மர், அதிலிருந்து புதிதாக எந்த வாட்டும் வரப்போவதில்லை.

இனி தொப்பி. உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம், கொடுத்திருப்பது 8 ஓம் முனையில். அந்த முனையில் 8 ஓம் இருந்தால்தான் பிரைமரி பக்கம் வால்வுகளுக்குத் தேவையான லோடு கிடைக்கும். இந்த வகை ஈஎல் 34 ஜோடிக்கு அது பெரும்பாலும் 6,600 ஓம் சுற்றி இருக்கும். நீங்கள் 4 ஓம் கொடுத்ததும் அது பாதியாகி 3,300 ஆகிவிட்டது. வால்வுகள் அதிகக் கரன்ட் தள்ள வேண்டும், பிசிறு கூடும், சத்தமாகக் கேட்கும்போது பிளேட்டும் ஸ்கிரீனும் கூடுதலாகச் சூடாகும். சத்தம் கூடுதலாக வருவது உண்மைதான். அந்த முனையில் வோல்டேஜ் கூட, அதனால் சின்னச் சத்தத்தில் எடுப்பாகத் தெரியும். வால்யூமை ஏற்றிக்கொண்டே போனால் முதலில் ஒலி உடைவதும் அந்த முனையில்தான்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு, வால்வு செட் வாங்குகிறவர்களிடம் கடைகளில் யாரும் இதைச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். ஸ்பீக்கரின் 4 ஓம் என்பது ஒரு பெயர்தான். அளந்து பார்த்தால் ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொரு ஓம் காட்டும். உங்களுடையதைப் போன்ற சிறிய பெட்டி 70, 80 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் 24 ஓம் வரை ஏறி, 200 ஹெர்ட்ஸ் பக்கம் 3.5க்கு இறங்குவது சர்வ சாதாரணம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, அதன் உள் தடை (ஸ்பீக்கருக்கு முன்னால் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே இருக்கிற ஓம்) ஓமில் சிறு பின்னம்தான். வால்வு செட்டின் 8 ஓம் முனையில் உள் தடை 2 ஓம் இருக்கலாம். அப்போது என்ன ஆகும் தெரியுமா? 3.5 ஓம் இருக்கிற இடத்தில் வோல்டேஜில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளேயே போய்விடும், 24 ஓம் இருக்கிற இடத்தில் கிட்டத்தட்ட எதுவும் போகாது. கணக்கில் அந்தச் சுருதி மட்டும் 3.2 டெசிபல் தூக்கலாக நிற்கும். தொப்பியின் கனத்த நாதம் அந்த வட்டாரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. கும்கி (தொப்பியில் கையை அழுத்தி எழுப்புகிற ஏறி இறங்கும் நாதம்) இழுக்கும்போது அந்த மேட்டின் வழியாகத்தான் ஏறி இறங்குகிறது. அடி விழுந்தபிறகு கோனைப் பிடித்து நிறுத்துகிற பிடிமானமும் 2 ஓமில் குறைவு. நீங்கள் கேட்கிற 'பொம்' இதுதான்.

4 ஓம் முனைக்கு மாற்றினால் உள் தடையும் சுமார் பாதியாகும். 1 ஓம் என்று வைத்தால் அந்தத் தூக்கல் 3.2இலிருந்து 1.8 டெசிபலுக்கு இறங்கும். ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கிற மாற்றம். செட்டை அணைத்துவிட்டு ஒயரை மாற்றுங்கள், ஓடும்போது வேண்டாம். ஸ்பீக்கர் ஒயர் கழன்ற நிலையில் பாட்டை ஏற்றிவிட்டால் பிரைமரியில் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பி, சாக்கெட்டில் பொறி பறக்கும், டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் துளைபடும். வால்வு செட்டுக்கு ஷார்ட்டைவிட லோடு இல்லாமை ஆபத்து. 8 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களும் ஒரு தடவை 4 ஓம் முனையில் கேட்டுப் பாருங்கள். பவர் குறையும், பிடிமானம் கூடும். சிறிய அறையில் பலருக்கு அதுதான் பிடிக்கிறது. கெடுதல் ஒன்றும் இல்லை.

அப்புறம் பெட்டிகளைச் சுவரிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி முன்னால் இழுத்துப் போடுங்கள். மூலையில் இருந்தால் இதே சுருதியை அறையும் தூக்கிவிடும்.

இவ்வளவும் செய்தபின் தொப்பி அடங்கும், ராத்திரியும் நிம்மதியாகக் கேட்கலாம். ஆனால் நாதஸ்வரம், தவில் கச்சேரியை எடுப்பாகக் கேட்க வேண்டும் என்றால் இந்த ஸ்பீக்கரில் முடியாது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 84 டெசிபல் என்று பெட்டியில் போட்டிருப்பது 2.83 வோல்ட்டுக்கு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 1 வாட். 4 ஓமுக்கு அது 2 வாட். அதனால் வாட் கணக்கில் உங்கள் ஸ்பீக்கர் 81தான். 35 வாட் முழுவதையும் கொடுத்தால் ஒரு மீட்டரில் 96 டெசிபல். ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்தால், இரண்டு பெட்டியும் அறையும் சேர்ந்து கொடுப்பதைக் கூட்டியும், 94 பக்கம்தான் வரும். தவிலின் ஓர் அடி அதைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். அந்த இடத்தில் செட் அடியை மழுங்கடிக்கும், உங்களுக்கு அது களைப்பாகக் கேட்கும். இதே செட்டில் 90 டெசிபல், 8 ஓம் ஸ்பீக்கர் போட்டால் அதே நாற்காலியில் 103 கிடைக்கும். அந்த 9 டெசிபலை ஆம்ப்ளிஃபயரிலிருந்து எடுக்க வேண்டுமானால் சுமார் 280 வாட் வேண்டும்.

நம் ஊர்த் திருவிழா மைக் செட்டை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து மைக் செட் ஆம்ப்ளிஃபயர்களில் பலவற்றில் இருந்ததும் இதே ஈஎல் 34தான். ஊர் முழுக்கக் கேட்டதற்குக் காரணம் வாட் இல்லை, தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். ஒரு வாட்டுக்கு 100 டெசிபலுக்கு மேல் கொடுக்கிற சாமான் அது.

ஸ்பீக்கர் மாற்றுகிற நாள் வரும்போது மூன்றைக் கேளுங்கள். சென்சிட்டிவிட்டி, அதாவது அந்த டெசிபல் எண், 90க்குக் குறையாமல் இருக்கட்டும். பெயர் 8 ஓம் ஆனால் போதாது, எந்தச் சுருதியிலும் 6 ஓமுக்குக் கீழே இறங்காததாக இருக்கட்டும். ஓம் வரைபடத்தில் மேடு பள்ளம் குறைவாக இருக்கட்டும். வரைபடத்தைக் காட்ட மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம். முதல் விதிக்கு ஒரு பேர்போன விலக்கு உண்டு: பிபிசி வடிவமைத்த எல்எஸ் 3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கர். சென்சிட்டிவிட்டி 83தான், ஆனால் முதலில் வந்தவை 15 ஓம். சிறிய அறையில், மிதமான சத்தத்தில், வால்வு செட்டோடு அது வாய்ப்பாட்டைப் பாடுகிற அழகே தனி. ஓம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். தவிலுக்கு மட்டும் அதை நம்பி வாங்காதீர்கள்.

பழைய ஸ்பீக்கருக்கு மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்த்தால் 4 ஓம் என்பது 3.2 முதல் 3.6 காட்டும், 8 ஓம் என்பது பெரும்பாலும் 5.5 முதல் 7 காட்டும். லேபிள் கிழிந்த ஸ்பீக்கர் கையில் வந்தால் இது உதவும்.

செட்டை ஷோகேஸ் கண்ணாடிக்குள் வைத்திருந்தால் வெளியே எடுங்கள், மேலே ஓரடி காற்று வேண்டும். கேட்காத நேரத்தில் மேலே மெல்லிய துணி போட்டு மூடுங்கள், ஆறினபிறகுதான். சூட்டுக்குப் பல்லி உள்ளே போய் ஹைவோல்டேஜில் விழுந்து செத்து, செட்டையும் கெடுத்துவிட்டுப் போன கேஸ்கள் சர்வீசுக்கு வருகின்றன. அடித்தகட்டின் துளைகளுக்கு உள்பக்கமாக நைலான் வலை ஒட்டிவிட்டால் கவலை இல்லை.

இன்றைக்கே 4 ஓம் முனைக்கு மாற்றிவிடுங்கள். ஸ்டெபிலைசர் வரும்வரை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் செட்டைப் போட வேண்டாம். வந்ததும் இடம் மாற்றிப் பார்த்து, நான்கு வால்வின் எண்களையும், எந்த இடத்தில் ஏறுகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். கண்டன்சர் மாற்ற வேண்டியிருந்தால் அதன் மேல் எழுதியிருக்கிற அளவையும் வோல்டேஜையும் சேர்த்து எழுதுங்கள், இன்று கிடைப்பதில் எது பொருந்தும் என்று சொல்கிறேன்.